நரம்பறிவியலில் முதுநிலைப் படிப்பு: ஆய்வாளராக விரும்புகிறவர் அதில் எதைத் தேட வேண்டும்?

உயிர்வேதியியலில் இளநிலை இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: மூளை ஆராய்ச்சியையே வாழ்நாள் பணியாகக் கொள்ள விரும்பும் தமக்கு நரம்பறிவியலில் முதுநிலைப் பட்டம் அவசியமா, அவசியமென்றால் எங்கே, எத்தகைய படிப்பில் சேர்வது, பன்னிரண்டாம் வகுப்போடு கணிதத்தை விட்டுவிட்டது தடையாகுமா என்று. இத்துறையில் முதுநிலையும் முனைவர் பட்டமும் முடித்து, இப்போது முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வகத்தில் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூளையைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்ற ஆவலோடு முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, முதலாண்டு முடிவில் நல்ல மதிப்பெண்களோடும் மனக்குறையோடும் நிற்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். விரிவுரைகளில் கிடைக்கும் செய்திகளை நல்ல பாடநூல் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே கற்றுவிடலாம். விடை தெரியாத கேள்வி ஒன்றை ஆறு மாதங்களில் செய்து முடிக்கக்கூடிய சோதனையாகச் சுருக்குவதையும், அந்தச் சோதனையைத் தன் கையாலேயே செய்து கிடைத்த எண்களை ஏமாறாமல் படிப்பதையும் அப்படிக் கற்க முடியாது. அருகில் அனுபவமுள்ள ஒருவர் நின்று பிழை திருத்தினாலொழிய அவை கைவருவதில்லை. ஆகவே ஒரு படிப்பை மதிப்பிடும்போது அதில் எத்தனை தாள்கள் இருக்கின்றன என்று பார்ப்பதைவிட, அதன் காலத்தில் எத்தனை மாதங்கள் ஆய்வகத்தில் கழியும், யாருடைய மேற்பார்வையில் கழியும் என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் தரவரிசைகூட எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

அதற்கு முன்னால் நீங்களே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நரம்பறிவியல் என்ற ஒரே பெயருக்குள், ஒருவர் மொழி மற்றவருக்கு எளிதில் விளங்காத பல துறைகள் அடங்கியிருக்கின்றன. நினைவு என்ற ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். வலிப்பு நோயைத் தணிப்பதற்காக 1953-இல் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்குச் செய்யப்பட்ட அறுவையில் மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சிகளை அவரால் நினைவில் இருத்த முடியவில்லை என்பதை, அறுவை செய்த வில்லியம் ஸ்கோவிலும் உளவியலாளர் பிரெண்டா மில்னரும் 1957-இல் வெளியிட்டனர். அதே பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிப்புகளை எழுப்பும் நரம்பணுக்களை 1971-இல் ஜான் ஓகீஃப் கண்டறிந்தார். 1973-இல் டிம் பிளிஸ், டெரியே லோமோ ஆகிய இருவரும், வேகமான மின்தூண்டலைச் சிறிது நேரம் பெற்ற சினாப்ஸ்கள், அதாவது நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் சந்திப்புகள், பல மணி நேரத்துக்கு வலுப்பெற்றே இருப்பதை முயலின் மூளையில் காட்டினர். 1982-இல் இயற்பியலாளர் ஜான் ஹாப்ஃபீல்டு, எளிய அலகுகள் பல ஒன்றோடொன்று இணைந்த வலையமைப்பு, நினைவுகளைத் தன் நிலைத்த நிலைகளாகச் சேமித்துவைக்க முடியும் என்று சமன்பாடுகளால் நிறுவினார். 2024-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்ததற்கு இதுவே அடிப்படை.

பொருள் ஒன்றுதான். ஆயினும் மில்னரின் நாட்கள் நோயாளி ஒருவரோடு அமர்ந்து பொறுமையாகத் தேர்வுகள் நடத்துவதில் கழிந்தன; ஓகீஃப் விழித்திருக்கும் எலியின் நடமாட்டத்தைப் பார்த்துக்கொண்டே மின்முனை வழியே வரும் துடிப்புகளைக் கவனித்தார்; ஹாப்ஃபீல்டின் வேலை தாளிலும் கணிப்பொறியிலும் நடந்தது. இவற்றுள் எந்தக் கண்டுபிடிப்பு உங்களை வியக்கவைக்கிறது என்று கேட்டால் எல்லாமே என்று சொல்வீர்கள். எந்த வேலையை, பலன் எதுவும் கிடைக்காத நாட்களிலும் காலை முதல் மாலை வரை செய்ய உங்கள் மனம் ஒப்பும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த விடை கிடைக்காமல் படிப்பைத் தேர்ந்தெடுப்பது கடினம், ஏனெனில் ஒவ்வொரு முதுநிலைப் படிப்பும் இவற்றுள் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் இதை ஒளிக்காமல், மூலக்கூறும் உயிரணுவும் சார்ந்தது, நடத்தை சார்ந்தது, நரம்புத் தகவல் கணிப்பு சார்ந்தது என்று தனித்தனி முதுநிலைப் படிப்புகளாகவே நடத்துகிறது. உயிர்வேதியியல் படித்தவர் மூலக்கூறுப் பக்கம்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை, எனினும் அந்தப் பக்கம் போனால் உங்களுக்கு ஓராண்டு மிச்சமாகும் என்பது உண்மை.

விடை கிடைக்காதவர்களுக்கு உதவுவதற்காகவே சில படிப்புகளில் சுழற்சிமுறை ஆய்வகப் பயிற்சி என்ற ஏற்பாடு உள்ளது. இதற்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டும் உதாரணம் கோட்டிங்கன் நகரில் 2000-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் பன்னாட்டு மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளியின் நரம்பறிவியல் படிப்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 பேரை மட்டுமே சேர்த்துக்கொண்டு, முழுவதும் ஆங்கிலத்தில் நடத்தப்படும் 18 மாதப் படிப்பு அது. முதலாண்டில் விரிவுரைகளோடு செய்முறை வகுப்புகளும் நடக்கும். மாணவர் ஒரே இடத்தில் ஒடுங்கிவிடாமல், வெவ்வேறு ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் வேலை செய்ய வேண்டும். ஆண்டு முடிவில் வரும் கடுமையான தேர்வில் சிறப்பாகத் தேறுகிறவர்கள் முதுநிலை ஆய்வேட்டை எழுதாமலேயே நேராக முனைவர் பட்ட ஆய்வில் சேரலாம். மற்றவர்கள் ஆறு மாதம் ஆய்வேட்டு வேலை செய்து பட்டம் பெறுவர். பல்கலைக்கழகம், மாக்ஸ் பிளாங்க் நிறுவனம், குரங்கினங்களை ஆராயும் ஜெர்மன் பிரைமேட் மையம் ஆகியவற்றின் ஆய்வகங்கள் ஒரே நகரத்தில் இருப்பதால், ஒற்றைப் புரதத்திலிருந்து குரங்கின் கவனம் வரை எதை வேண்டுமானாலும் அந்த ஓராண்டில் தொட்டுப் பார்க்க முடிகிறது. எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் உயிரணுச் சவ்வில் மின்னேற்றத் துகள்களைக் கடத்தும் அயனி வாயில் ஒன்றின் வழியே பாயும் மின்னோட்டத்தை முதன்முதலில் அளந்து 1976-இல் வெளியிட்டது இந்த நகரத்தில்தான். பேட்ச் கிளாம்ப் என்று பெயர்பெற்ற அந்த முறைக்காக 1991-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த முறையைக் கற்ற அனுபவத்தைச் சொன்னால், ஆய்வக மாதங்களை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது விளங்கும். எலியின் மூளையை ஒரு நிமிடத்துக்குள் வெளியே எடுத்து, ஆக்சிஜன் செலுத்தப்பட்ட குளிர்ந்த கரைசலில் இட்டு, 300 மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் ஒரு நரம்பணுவைத் தேர்ந்துகொண்டு, நுனி ஒரு மைக்ரான் அளவே உள்ள கண்ணாடிக் குழாயை அதன் சவ்வின்மீது மெல்ல அமர்த்தி, வாயால் இலேசாக உறிஞ்ச வேண்டும். சவ்வும் கண்ணாடியும் இறுகப் பொருந்தினால் மின்தடை கிகாஓம் (நூறு கோடி ஓம்) அளவுக்கு உயரும்; அப்போதுதான் அளவீடே தொடங்கும். எனக்கு முதல் மூன்று வாரங்கள் ஒரு நரம்பணுகூட ஐந்து நிமிடத்துக்கு மேல் உயிரோடு நிற்கவில்லை. என் கை நடுக்கத்தையே குறையாக எண்ணி, குழாயைப் பிடிக்கும் விதத்தையும் இருக்கையின் உயரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். நான்காவது வாரம் என் மேற்பார்வையாளரான மூத்த மாணவி, குழாய்க்குள் நிரப்பும் கரைசலின் ஊடுபரவல் அழுத்தத்தை என்றைக்கு அளந்தாய் என்று கேட்டார். அளக்கவே இல்லை. எடை போட்டதில் நேர்ந்த பிழையால் கரைசல் அடர்த்தி மிகுந்து, அதைத் தொட்ட ஒவ்வொரு உயிரணுவும் நீரை இழுத்து ஊதிப் போயிருந்தது. அன்று முதல் ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதுவது, கரைசலை முதலில் சந்தேகிப்பது என்ற பழக்கங்கள் எனக்கு வந்தன. எந்த விரிவுரையும் அவற்றை எனக்குத் தந்திருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும். மேலே விவரித்த வேலைக்காக ஒவ்வொரு நாளும் ஒரு விலங்கு கொல்லப்படுகிறது. அதற்கு முறையான பயிற்சியும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கட்டாயம். வலியில்லாமல் செய்வது ஆய்வாளரின் கடமை. ஆயினும் உங்களால் அது முடியாது என்றால், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. மனிதர்களிடம் மூளை அலைப்பதிவு, காந்த ஒத்ததிர்வுப் படம் ஆகியவற்றின் வழியே ஆராய்வதும் வளர்ப்புக் குடுவையில் வளர்த்த உயிரணுக்களில் ஆராய்வதும் கணிப்பு முறையில் ஆராய்வதும் முழுமையான ஆய்வு வாழ்க்கைகளே. இதை விண்ணப்பிக்கும் முன்பே நேர்மையாக முடிவு செய்துகொள்ளுங்கள். பாதி ஆய்வேட்டில் கண்டுகொள்வது மிகவும் துன்பமானது.

அடுத்து, பாடத்திட்டங்கள் ஏனோ ஓரமாக ஒதுக்கிவைக்கும் புள்ளியியல். ஐந்து எலிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் 20 நரம்பணுக்களை அளக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பது 100 தனித்தனிச் சான்றுகள் அல்ல; ஒரே எலியின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால், மருந்தின் விளைவைப் பொறுத்தவரை அந்த எண் ஐந்துக்கு அருகில்தான் இருக்கும். 100 என்று வைத்துக் கணக்கிட்டால், இல்லாத விளைவும் இருப்பதுபோல் தோன்றும். இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. மருந்து கொடுத்த குழுவில் மாற்றம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கதாக வந்தது, கொடுக்காத குழுவில் அப்படி வரவில்லை, ஆகவே இரு குழுக்களும் வேறுபடுகின்றன என்று எழுதிவிடுவது. இரு மாற்றங்களையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் அந்த முடிவுக்கு வர முடியும். சாண்டர் நியூவன்ஹாயிஸும் அவருடைய சகாக்களும் ஐந்து முன்னணி இதழ்களில் வெளிவந்த 513 நரம்பறிவியல் கட்டுரைகளைப் படித்து, இத்தகைய ஒப்பீட்டுக்கு இடமிருந்த 157 கட்டுரைகளில் 79 கட்டுரைகள் தவறான வழியில் முடிவு கண்டிருந்ததை 2011-இல் வெளியிட்டனர். பாதிக்குச் சற்றே கூடுதல். எழுதியவர்களும், மதிப்பாய்வு செய்தவர்களும், வெளியிட்ட ஆசிரியர்களும் தேர்ந்த அறிஞர்கள்தாம். எனவே நீங்கள் சேரவிருக்கும் படிப்பில் புள்ளியியல் தனித்தாளாக இருக்கிறதா, மாணவரே தரவை வைத்துச் செய்து பழகும் விதத்தில் நடத்தப்படுகிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். இல்லையென்றால், வேறு துறையில் அந்தத் தாளை எடுக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

கணிதத்தை விட்டது தடையா என்ற கேள்விக்கு, தடை அல்ல, ஆனால் அப்படியே விட்டுவைத்தால் தடையாகிவிடும் என்பது என் விடை. முழுக் கணிதப் பட்டம் எதுவும் தேவையில்லை. நிகழ்தகவு, அணிகளின் இயற்கணிதம், எளிய வகைக்கெழுச் சமன்பாடுகள், பைத்தான் மொழியில் நிரல் எழுதும் பழக்கம் ஆகியவை போதும். இவற்றைத் தனித்தனியாகக் கற்கத் தொடங்கினால் சலிப்பு வந்துவிடும் என்பதால், என் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைக் கொடுப்பேன். கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் அளந்து, நரம்புத் துடிப்பு எவ்வாறு எழுகிறது என்பதை 1952-இல் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நான்கு சமன்பாடுகளில் விளக்கினர். அந்த நான்கையும் பைத்தானில் நீங்களே எழுதி, ஓட்டிப் பார்த்து, சோடியம் வாயில்களைப் பாதியாகக் குறைத்தால் துடிப்பு என்னவாகிறது என்று பாருங்கள். இரண்டு மாத மாலைப் பொழுதுகளில் முடிந்துவிடும் வேலை இது. முடிக்கும்போது வகைக்கெழுச் சமன்பாட்டின் மீதிருந்த அச்சமும் போயிருக்கும். அதன்பின் வழிகாட்டுதல் தேவைப்பட்டால், 2020 முதல் இணையவழியில் நடந்துவரும் நியூரோமேட்ச் அகாடமியின் கோடைப் பள்ளியில் சேரலாம். மாணவரின் நாட்டைப் பொறுத்து அங்கே கட்டணம் குறைக்கப்படுகிறது. இந்தத் திறனின் மதிப்பு ஆண்டுக்காண்டு கூடிவருகிறது. பழ ஈயின் மூளை முழுவதிலும் உள்ள ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்களும் அவற்றுக்கிடையே உள்ள கோடிக்கணக்கான இணைப்புகளும் கொண்ட வரைபடம் 2024 அக்டோபரில் வெளியானது. அந்தத் தரவை எவரும் இலவசமாகப் பெறலாம். நிரல் எழுதத் தெரிந்த மாணவர் ஒருவர் சாதாரண மடிக்கணினியை வைத்துக்கொண்டே அதில் இதுவரை எவரும் கேட்டிராத கேள்விகளைக் கேட்க முடியும்.

நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், விதிகள் மாறிக்கொண்டிருப்பவை. அமெரிக்காவில் நரம்பறிவியல் ஆய்வுக்கு முதுநிலைப் பட்டம் வழக்கமான படி அல்ல. இளநிலை முடித்தவரையே உதவித்தொகையோடு முனைவர் படிப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் அதற்கு முன் ஆய்வக அனுபவத்தை எதிர்பார்க்கிறார்கள், மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. ஜெர்மனியில் பொதுவாக முதுநிலை இல்லாமல் முனைவர் படிப்பு இல்லை. கோட்டிங்கன் இருக்கும் கீழ் சாக்சனி மாநிலத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. ட்யூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழ் பெற வேண்டும் என்ற விதி 2022 நவம்பரில் வந்தது; அதற்கு நாளாகும் என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், நைமேகன் நகரங்களில் உள்ள ஈராண்டு ஆய்வு முதுநிலைப் படிப்புகளில் நீண்ட ஆய்வகக் காலம் உண்டு.

பிரிட்டனின் ஓராண்டுப் படிப்புகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. செப்டம்பரில் சேர்ந்தால் வசந்தம் வரை வகுப்புகளே நிறைந்திருக்கும். ஆய்வுத் திட்டம் அதன்பிறகே சூடு பிடிக்கும். முனைவர் படிப்புகளுக்கோ டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். உங்களை ஆய்வகத்தில் பார்த்தே இராத ஒருவர் பரிந்துரைக் கடிதம் எழுத நேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதியை ஆய்வுக்கே ஒதுக்கும் எம்.ரெஸ். வகைப் படிப்புகளும், இரண்டு ஆய்வகத் திட்டங்களை உள்ளடக்கிய ஆக்ஸ்ஃபோர்டின் முதுநிலைப் படிப்பும் இதற்கு விலக்கு. எதுவாயினும், உதவித்தொகை இல்லாமல் பெருங்கடன் வாங்கி ஓராண்டுப் படிப்புக்குப் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதன்பின் வரும் நான்கைந்து ஆண்டுகள் ஆய்வு உதவித்தொகையில்தான் வாழப் போகிறீர்கள். அந்தத் தொகை கடனை அடைக்காது.

இந்தியாவை விட்டுப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. இளநிலை முடித்தவர்கள் முதுநிலையையும் முனைவர் பட்டத்தையும் சேர்த்தே செய்யும் ஒருங்கிணைந்த படிப்பு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உயிரறிவியல் பிரிவில் இருக்கிறது. அதற்கு வழி, முதுநிலை அறிவியல் படிப்புகளுக்கான ஜாம் நுழைவுத் தேர்வு. அங்கே நரம்பறிவியலுக்கென்று தனி மையமே உண்டு. அதே நகரத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இத்தகைய படிப்பை நடத்துகிறது. மூளை ஆராய்ச்சிக்கு மட்டுமே நிறுவப்பட்ட தேசிய மூளை ஆராய்ச்சி மையம் ஹரியானாவின் மானேசரில் உள்ளது. உயிரியல் பாடம் எதிலாவது நல்ல முதுநிலைப் பட்டம் பெற்று, சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். பட்டத்தின் பெயரில் நரம்பறிவியல் என்ற சொல் இல்லை என்பது அங்கே ஒரு பொருட்டே அல்ல.

எந்த நாடானாலும், கடைசியில் எல்லாம் ஒரு வழிகாட்டியிடம் வந்து நிற்கும். புகழ்பெற்ற பெயர் ஒன்றுக்காக நான் சேர்ந்த ஓர் ஆய்வகத்தில், ஐந்து மாதத்தில் தலைமை ஆய்வாளரை இரண்டு முறைதான் சந்தித்தேன். என் தரவைப் பார்க்க எவருக்கும் நேரமிருக்கவில்லை, அந்த வேலை எங்கும் வெளிவரவும் இல்லை. பிறகு நான் போய்ச் சேர்ந்த சிறிய ஆய்வகத்தில் வாரம் ஒரு மணி நேரம் என் வரைபடங்களை வைத்துக்கொண்டு என்னோடு வாதிட்டவரிடம்தான் ஆராய்ச்சியைக் கற்றேன். ஆகவே, சேரும் முன் அந்த ஆய்வகத்தின் முன்னாள் மாணவர்கள் இருவருக்காவது எழுதி, வாரத்துக்கு எத்தனை முறை வழிகாட்டியைப் பார்ப்பீர்கள், உங்களுக்கு முன் படித்த முதுநிலை மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குத் தயங்கித் தயங்கி விடை வருமானால் அந்த இடத்தைத் தவிருங்கள்.

உங்களுக்கு இப்போது கையில் இருப்பது இறுதியாண்டின் எஞ்சிய மாதங்கள். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாடமி, மற்ற இரு தேசிய அகாடமிகளோடு சேர்ந்து வழங்கும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பக் காலம் இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். அது தவறிப்போயிருந்தால், நேரடியாக ஆய்வகங்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாமல், ஐந்து ஆய்வகங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் அண்மைக் கட்டுரை ஒன்றை முழுவதும் படித்து, அதில் ஒரு வரைபடத்தைக் குறிப்பிட்டு, அதைப் பார்த்ததும் உங்களுக்கு எழுந்த ஐயத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். உயிர்வேதியியலில் நீங்கள் கைப்படச் செய்த சோதனைகள் எவை என்பதை அடுத்த இரண்டு வரியில் சொல்லுங்கள். எத்தனை மாதம், எந்தத் தேதியிலிருந்து வர முடியும் என்பதோடு முடியுங்கள். மறுமொழி வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வரவில்லையென்றால், ஆறாவது ஆய்வகத்தின் கட்டுரையைப் படிக்கத் தொடங்குங்கள்.